தாலிக்கொடியில் ஓர் அமெரிக்கக் காசு

என் மனைவியின் தாலிக்கொடியில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். தாலிக்கு வலப்பக்கம் கோத்த பவுண் காசில் முக்காடு போட்ட இங்கிலாந்துக் கிழவி ராணி. இடப்பக்கம் கோத்ததில் கொண்டை முடிந்து, நெற்றிக்கு மேல் பட்டம் வைத்த இளம் பெண். கலியாணமான புதிதிலேயே அவள் இருவருக்கும் பெயர் வைத்துவிட்டாள். கிழவி மாமி, இளையவள் மருமகள். இரண்டு முகமும் ஒரே பக்கம்தான் பார்க்கும்.

"ஒருத்தி முகத்தை ஒருத்தி பாக்கிறேல்லை. சரியான மாமியும் மருமேளும்தான்" என்று என் அம்மாவை வைத்துக்கொண்டே சொல்லுவாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பா. அம்மாவின் கடைசி நாட்களில் படுக்கையில் வைத்துப் பார்த்தவளும் இவள்தான். சோறு தீத்தும்போது முன்னுக்குத் தொங்கும் அந்தக் கொடியை அம்மா விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பா.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புக் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்க நின்றவன், அங்கேயே நின்றுவிட்டேன். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்கம் ஓர் அறையும் குசினியும் எங்களுக்கு. யுத்த காலம். காலையில் பஸ் எடுத்தால் எந்த இடத்தில் ஆமிக்காரன் மறிப்பான், அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா, பொலிஸ் பதிவுத் துண்டு மடிப்பில் கிழிந்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டே போவேன். அவள் கூட வந்தால் இன்னொரு பயமும் சேரும். "கொடியை உள்ளுக்கு விடும்" என்பேன். "விட்டுத்தான் கிடக்கு" என்பாள். இரண்டு பஸ் ஹோல்ட் கழிந்து திரும்பவும் சொல்லுவேன்.

அப்படிச் சொல்லிச் சொல்லியும் நடந்தது நடந்துதான் விட்டது. காலி வீதியில் ஒரு செக் பொயின்ற்றில் எல்லாரையும் பஸ்ஸால் இறக்கினார்கள். இறங்குகிற நெரிசலில் முன்னால் போனவவின் கைப்பை வார் கொடியில் மாட்டி இழுத்தது. அவள் இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு நின்றாள். நல்லகாலம், ஒன்றும் விழவில்லை. மருமகள் பக்கத்து இணைப்பு ஒன்றுதான் விட்டிருந்தது.

அன்று பின்னேரம் சாமிப்படத்துக்கு முன்னால் மஞ்சள் துண்டு ஒன்றை நூலில் கட்டி அவளின் கழுத்தில் நான்தான் முடிந்துவிட்டேன். முதல் முடிச்சு வழுக்கியது.

"அண்டைக்கும் இப்பிடித்தான்" என்றாள். "சுரை பூட்டத் தெரியாமல் முழுசிக்கொண்டு நிண்டு, கடைசியா உங்கடை அக்காதான் பூட்டிவிட்டவ."

கலியாணத்தன்று கொடியைப் பின்கழுத்தில் பூட்டுகிற சுரை என் கையில் பூட்டுப்படாத கதை எங்கள் வீட்டில் பழைய பகிடி. அன்றைக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடி இல்லாமல் நூலோடு நிற்கிறாளே என்பதுதான் மனதில் ஓடியது. தாலி எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். என்ரை உயிரல்லோ அந்த நூலில் தொங்குது.

அடுத்த நாள் கொடியைச் செட்டியார் தெருவுக்குக் கொண்டு போனோம். ஒடுக்கமான நகைக்கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பத்தர் விட்ட இணைப்பைப் பார்த்தார். பிறகு இரண்டு காசையும் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். உரைகல்லை எடுத்தார்.

"அம்மா, இது ரெண்டும் ஒரு ஜோடி இல்லீங்க" என்றார். "இந்த முக்காடு போட்டது பவுன். இது அமெரிக்காக்காரன் காசு. அஞ்சு டாலர். அளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதான் யாருக்கும் தெரியல. மாத்து ஒரு துளி கம்மி."

"போலியோ?" என்று கேட்டாள்.

"போலி இல்லம்மா. தங்கம்தான். ஆனா பவுன் இல்ல."

வளையத்தோடு அந்தக் காசை மட்டும் கழற்றி என்னிடம் தந்தார். அழிக்கிறதென்றால் தானே அழித்துத் தருவார், ஆனால் பழைய காசு சிலதுக்குத் தங்கத்தை விட விலை உண்டு, கொள்ளுப்பிட்டியில் மாடியில் ஒருத்தர் பழைய காசும் முத்திரையும் விற்கிறார், அவரிடம் முதலில் கேளுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி வைத்துத் தந்துவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

"என்ரை அம்மா ஊர் முழுக்க, மாப்பிளை வீட்டார் ரெண்டு பவுண் கொடி போட்டவை எண்டு சொல்லித் திரிஞ்சவ."

"ஓம்."

"அது போகட்டும். காசில்லை எனக்குப் பிரச்சினை. மாமி தெரிஞ்சுதான் போட்டவவோ? தெரிஞ்சிருந்தால் என்னட்டைச் சொல்லியிருக்கலாமெல்லோ. கடைசிவரைக்கும் அதைத் தட்டித் தட்டிப் பாத்துக்கொண்டு கிடந்தவ. நான் அதைப் பாசம் எண்டெல்லோ நினைச்சனான்."

அம்மா அப்படிப்பட்டவ இல்லை என்று சொன்னேன். சொன்ன குரல் எனக்கே நம்புகிற மாதிரி இருக்கவில்லை. இது என்ன ஏதென்று தெரியாமல் கொடியைத் திரும்பப் போடமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வத்தளையிலிருந்து அக்கா வந்தா. விஷயத்தைக் கேட்டதும் கையில் இருந்த மாம்பழப் பையைக் கூட வைக்கவில்லை.

"டேய் தம்பி, எங்கடை அம்மா என்ன பித்தளையே குடுத்தவ?"

"பித்தளை எண்டு ஆர் மச்சாள் சொன்னது? தங்கம்தான். பவுண் இல்லையாம்" என்றாள் மனைவி.

"அம்மா தன்ரை காப்பு ரெண்டையும் கழட்டிக் குடுத்துத்தான் அந்த ரெண்டு காசும் வாங்கினவ. நானும்தான் கூடப் போனனான். கடைக்காரன் ரெண்டையும் பவுண் எண்டுதான் தந்தவன். தங்கக் காசிலை பொம்பிளைத் தலை இருந்தால் அது ராணி. அம்மாவுக்கு வேறை என்ன தெரியும், சொல்லும் பாப்பம்? எனக்குத்தான் என்ன தெரியும்? உமக்குத் தெரிஞ்சுதோ இவ்வளவு காலமும் கழுத்திலை போட்டுக்கொண்டு?"

மனைவி அக்காவின் கையிலிருந்து பையை வாங்கி மாம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு பார்த்தால் கண் கலங்கியிருந்தது.

"காப்பையே குடுத்தவ? எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லையே."

"அதெல்லாம் சொல்லுற கதையே?"

"அப்ப மச்சாள், மாமியைத்தான் கடைக்காரர் ஏமாத்தியிருக்கிறாங்கள். காப்பை வாங்கிக்கொண்டு, பவுணிலும் குறைஞ்சதைக் குடுத்து..."

அவளுக்குக் கோபம் போய்விட்டது. அதிலும் மோசமான ஒன்று வந்து குந்திவிட்டது. வெறுங்கையோடு கிடந்த அம்மா ஏமாந்து போய்க் கிடந்தவ என்று நினைத்து நினைத்து அவள் உருகத் தொடங்கினாள். அக்கா போகும்போது வாசலில் வைத்து எனக்கு மட்டும் சொன்னா: "டேய், அந்தக் காசு என்ன பெறுமதி எண்டு கேட்டுக்கொண்டு வா. உன்ரை மனிசிக்கு மனம் ஆறவேணும்."

கொள்ளுப்பிட்டிக்குப் போக கடையில் அரை நாள் லீவு எடுத்தேன். காசைக் கைலேஞ்சித் துணியில் முடிந்து உள்பையில் வைத்து, ஊசியும் குத்திக்கொண்டேன். நினைத்தபடியே வழியில் மறித்தார்கள். ஆமிக்காரன் என் நெஞ்சைத் தடவ ஊசி அவன் கையில் பட்டது.

"மே மொகக்த?" இது என்ன என்று கேட்டான்.

"நோனாகே தாலி, மாத்தயா" என்றேன். மனைவியின் தாலி என்று சிங்களத்தில் எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவிழ்க்கச் சொன்னான். அவிழ்த்தேன். வெயிலில் பிடித்துத் திருப்பினான். சுற்றி இருந்த எழுத்தை உதட்டை அசைத்து வாசித்தான். "அமெரிக்கா" என்றான். என்னை மேலும் கீழும் பார்த்தான். "அமெரிக்கன் தாலி?" என்று பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அமெரிக்கா என்று என் வாயால் ஏதாவது விளக்கம் சொல்லப் போய் அது வேறு எங்கேயாவது போய் முடிந்தால்? ஆனால் அவன் காசைத் திரும்பக் கைலேஞ்சியில் வைத்து, "பரெஸ்ஸமெங் கெனியண்ட" என்றான். கவனமாகக் கொண்டுபோ என்கிறான்.

போகும்போது எனக்கு ஒன்று குத்தியது. அவன் ஒரு நிமிசத்தில் வாசித்ததை நாங்கள் ஒருவரும் இவ்வளவு காலமும் வாசிக்கவில்லை. இங்கிலீசில் பெரிய எழுத்து எனக்கும் தெரியும், கடைக்கு வரும் பெட்டிகளில் பார்த்துப் பழகியது. ஆனால் தாலியில் இருப்பதை ஆர் வாசிக்கிறது?

மாடிக்கடைக்காரர் ஒரு முஸ்லிம் மனிதர். மேசை முழுக்கத் தட்டுத் தட்டாகக் காசு. என் காசை ஓரத்தில் மட்டும் பிடித்து, கண்ணில் சொருகுகிற பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"இது என்னத்த சிவப்பு?"

"குங்குமம். வெள்ளிக்கிழமையிலை வைக்கிறவ. மஞ்சளும் இருக்கும்."

"தேய்ச்சிக் கீச்சிப் போடாதீங்க. தேய்ச்சா காசு மவுத்தாப் போகும்." காசு செத்துவிடும் என்ற தன் பகிடிக்குத் தானே சிரித்தார். "வெல சொல்லணுமுண்டா வருசம் பாக்கணும், அதோட எழுத்துப் பாக்கணும்."

எழுத்து என்றால் அந்தக் காசு எந்த ஊர் ஆலையில் அடித்தது என்று காட்டுகிற சின்ன அடையாளம். கடுகளவு இருக்கும். ஒரே வருசத்து இரண்டு காசு பக்கத்தில் பக்கத்தில் கிடந்தாலும், அந்தக் கடுகு ஒன்றுதான் ஒன்றை ஒரு நேரச் சோற்றுக்குக் காணும் காசாகவும் மற்றதை ஒரு வீடே வாங்கும் காசாகவும் ஆக்கும் என்றார். தட்டில் இருந்து எடுத்து எடுத்துக் காட்டினார். செப்புச் சதத்தில் அது வருசத்துக்குக் கீழே. பழைய வெள்ளி டொலரில் கழுகின் வாலுக்குக் கீழே, இலை வளையத்துக்கும் கீழே. இன்னொரு வெளிறிய காசில் மட்டும் ஒரு கட்டடத்தின் கூரைக்கு மேலே பெரிதாக, கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது.

"இது ஏன் இவ்வளவு பெரிசு?"

"ரெண்டாவது உலக யுத்தத்துல அடிச்சது. நிக்கல் எல்லாம் யுத்தத்துக்குப் போயிட்டு. வேற கலவை போட்டு அடிச்சாங்க. யுத்தம் முடிஞ்சா பொறுக்கி எடுக்கணுமே, அதுக்குத்தான் எழுத்தப் பெரிசாப் போட்டாங்க."

யுத்தம் முடியும் என்று காசு அடிக்கும்போதே நினைத்திருக்கிறார்கள். அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"இனி உங்கட சாமான். இதுல எழுத்து ஈக்கிற எடம் கழுகுக்குக் கீழ, அஞ்சு டொலர் எண்டு எழுதியிருக்கிறதுக்கு மேல." காசைத் தலைமாற்றிப் பிடித்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார். "ஆ. இங்க பாருங்க கூத்த."

பார்த்தேன். அமெரிக்கக் காசில் முன்பக்கத்துத் தலை மேலே இருந்தால் பின்பக்கம் தலைகீழாகத்தான் இருக்குமாம். அவர்கள் வழக்கமே அப்படி. கலியாணத்துக்குக் கொடி செய்த பழைய பத்தர் பெண்ணின் தலைக்கு மேல் வளையம் வைத்தார், அது சரி. ஆனால் பின்பக்கத்தில் அதே இடம் கழுகின் காலடி. ஒட்டின பற்றாசு உருகி வழிந்து, எழுத்து இருக்கவேண்டிய இடத்தின் மேல் பொட்டு வைத்தது போல இறுகிக் கிடந்தது.

"எழுத்து இதுக்குள்ள ஈக்கலாம். இல்லாமலும் ஈக்கலாம். ரெண்டு 'சி' ஈந்தா, அது கொஞ்சமா அடிச்ச ஆலை, ஒட்டின காசுண்டாலும் ஆசப்படுறவன் ஈப்பான். ஒத்த 'எஸ்' எண்டா, ஒண்டுமே இல்லாட்டி, தங்க வெல மட்டும்தான். பற்றாச உருக்கி எடுத்தாத்தான் தெரியும்."

"பவுணிலும் குறைஞ்சதோ?" என்று கேட்டேன். எனக்கு வேண்டியது அதுதான்.

அவர் ஒரு பவுணை எடுத்துத் தராசின் ஒரு தட்டில் வைத்தார். மற்றத் தட்டில் எங்களது. எங்களது இறங்கியது. வளையத்தின் பாரம் என்று நினைத்தேன். வளையத்துக்குக் கழித்து மனக்கணக்காகச் சொன்னார்:

"மாத்து கொஞ்சம் கொறவுதான். பாரம் அதுக்கு மேல கூட. கூட்டிக் கழிச்சிப் பாத்தா பவுண விட இதுலதான் தங்கம் ஒரு பொட்டு கூட."

"கூடவோ?"

"ஒரு பொட்டு. ஏன், அழப் போறீங்களா?"

அன்று வீட்டுக்கு வந்த வழி எனக்கு நினைவில்லை. செக் பொயின்ற் இருந்ததா, மறித்தார்களா, ஒன்றும் தெரியாது. மனைவி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"கூடவாம்" என்றேன்.

"என்ன கூட?"

"தங்கம். பவுணிலும் பாக்க அதிலைதான் கூடவாம். ஒரு பொட்டு."

துருவின கையை அப்படியே விட்டுவிட்டு இருந்தாள். "அப்ப மாமியை ஒருத்தரும் ஏமாத்தேல்லை" என்றாள். பிறகு, "மாமி எனக்குக் கூடத்தான் தந்திருக்கிறா" என்றாள். பிறகு தேங்காய்ப்பூ ஒட்டின புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிழவி தனக்கே தெரியாமல் தந்திட்டுது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் எங்கே விடுகிறது? எழுத்தின் கதையையும் சொன்னேன். சாப்பிடும்போது இரண்டு 'சி' இருந்தால் நல்லது என்று நினைத்தேன். கை கழுவும்போது, இருந்தால் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எப்படிப் பஸ்ஸில் போகிறது என்று நினைத்தேன். இல்லையென்று தெரிந்தால் நிம்மதி. தெரியாமல் இருந்தால்? உள்ளே இருக்கோ இல்லையோ என்று சாகும்வரைக்கும் யோசித்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு என்னைத் தெரியும்.

"சரியப்பா, உருக்கிப் பாப்பம். இல்லாட்டி நீங்கள் என்னையும் நித்திரை கொள்ள விடமாட்டியள்."

மறுபடி செட்டியார் தெரு. இணைப்பு ஒட்டி, கொடி மினுக்கி வைத்திருந்தார். காசை வாங்கிப் பற்றாசைப் பார்த்துவிட்டு, எடுக்கலாம், ஆனால் நெருப்புக் காட்டினால் காசின் முகம் கொஞ்சம் மாறத்தான் செய்யும் என்றார். பிறகு அவருக்கும் ஒரு யோசனை வந்தது.

"அண்ணே, எடுக்கிறதுதான் எடுக்கிறோம், வளையத்த அந்தப் பக்கம் மாத்தி வச்சிரலாமா? பாவம், இந்தக் கழுகு இத்தன வருசமா தலகீழாத் தொங்குது."

"ஆர், கருடனோ?" என்றாள் மனைவி.

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"கருடன் ஏன் தலைகீழாத் தொங்குது? நேராத்தானே நிக்கிறார்."

"இல்லையப்பா, இஞ்சை பாரும்" என்று நான் காசைத் தொங்கவிட்டுக் காட்டினேன். பெண் நிமிர்ந்து நின்றாள். திருப்பினேன். கழுகு தலைகீழ்.

"நீங்கள் முன்னுக்கு நிண்டு பாத்தால் அப்பிடித்தான் தெரியும்" என்றாள். காசை என்னிடமிருந்து வாங்கி, மினுக்கின கொடியில் அதன் இடத்தில் பிடித்து, கொடியைத் தன் நெஞ்சில் வைத்தாள். ஒவ்வொரு நாள் காலையும் முழுகிவிட்டு வந்து சாமிப்படத்துக்கு முன்னால் செய்வது போல, காசைப் பின்பக்கம் திருப்பி, அதன் கீழ் விளிம்பில் விரல் கொடுத்து மேலே தூக்கினாள். கண்ணில் ஒற்றப் போகிற மாதிரி. "இப்ப வந்து பாருங்கோ. என்ரை பக்கமா வந்து பாருங்கோ."

பத்தர் கண்ணாடி மேசைக்கு மேலால் எட்டினார். நான் அவளின் தோளுக்குப் பின்னால் போய்க் குனிந்தேன். செட்டை விரித்தபடி, தலை மேலே, கால் கீழே, கழுகு நேராக நின்றது.

"மாமிப் பவுணின்ரை பின்பக்கத்திலை இருக்கிற குதிரைதான் எனக்குத் தலைகீழாத் தெரியிறது" என்றாள். "இவர் எனக்கெண்டு நேரா நிப்பார். காலமை எழும்பிக் கருடனைப் பாக்கிறது நல்லதெல்லோ. மாமிக்கும் காட்டினனான். படுக்கையிலை கிடக்கேக்கை தூக்கிப் பிடிச்சுக் காட்டுவன். அதைப் பாக்கத்தானே அவ தட்டித் தட்டித் திருப்பப் பாக்கிறவ."

வெளியில் ஒரு தள்ளுவண்டிக்காரன் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு போனான்.

"அந்தப் பக்கம் மாத்தினால் மருமேளெல்லோ தலைகீழா நிப்பாள்" என்றாள். பிறகு பத்தரைப் பார்த்து, "வேண்டாம் அண்ணை. நெருப்புக் காட்டாதையுங்கோ. இருந்தபடியே கோத்துத் தாங்கோ."

"எழுத்து..." என்றேன் நான்.

"இருக்கட்டுமன். இருந்தால் அங்கைதானே இருக்கும். எங்கை போகப்போகுது?"

பத்தர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் காசைக் கொடியில் இணைத்துத் தந்தார். கடையின் உள்பக்கம் ஒரு பிள்ளையார் படம் இருந்தது. அதற்கு முன்னால் நின்று அவள் கூந்தலை ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடித்தாள். நான் பின்னால் நின்று சுரையைப் பூட்டப் பார்த்தேன். முதல் தரம் வழுக்கியது. இரண்டாம் தரமும் வழுக்கியது.

"அக்காவைக் கூப்பிடட்டோ வத்தளையிலையிருந்து?"

"ஆடாமல் நில்லும்."

பூட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தேன். திரும்பவும் இழுத்துப் பார்த்தேன். மஞ்சள் நூலை அவிழ்த்துக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். அதைக் கண்ட இடத்தில் போடக்கூடாது.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட வரும்போது வேகம் குறைந்தது. முன்னால் தடை தெரிந்தது.

"கொடியை உள்ளுக்கு விடும்" என்றேன்.

"விட்டிட்டன்" என்றாள்.

எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். அவள் முதலில் இறங்கினாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். மற்றக் கை சேலைத் தலைப்புக்கு மேலால் நெஞ்சைப் பொத்தியிருந்தது. நான் அவளுக்குப் பின்னால், யாருடைய கைப்பையும் இடையில் வராதபடி, இரண்டு முழங்கையையும் அகட்டிக்கொண்டு இறங்கினேன்.